முத்தாரம்மாள் போட்ட தடை

சாலைக் கடைத்தெருவில் முத்தாரம்மாளின் முறுக்கான் கடையைத் தெரியாதவர் கிடையாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, நன்னாரி சர்பத்து, அன்றன்றைக்கு வரும் பத்திரிகை, முன்னால் இரண்டு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. ஆனால் அவள் குரல் இருக்கிறதே, அது ரயிலடி இருக்கும் தம்பானூர் வரைக்கும் கேட்கும். தேரூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் தாணுலிங்கம் அரிசி மண்டியில் மூட்டை நிறுக்கிறவர். வாயைத் திறப்பதே அபூர்வம். "அவுக பங்கையும் சேத்து நானே பேசிடுகேன்" என்பாள் முத்தாரம்மாள்.

1938இல் திருவிதாங்கூர் முழுக்க ஒரே கொதிப்பு. மகாராஜா பேரைச் சொல்லித் திவான் ஆளுவது போதும், ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது. சர்க்கார் பொதுக்கூட்டங்களுக்குத் தடை போட்டது. மைதானம் கைவிட்டுப் போனதும் சண்டையெல்லாம் முத்தாரம்மாளின் பெஞ்சுக்குக் குடிவந்தது.

ஒரு பெஞ்சில் ஞானையன். மார்த்தாண்டத்துக்காரன், அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். பத்திரிகையை உரக்க வாசித்து, வரிக்கு வரி ஆவேசப்படுவான். எதிர்ப் பெஞ்சில் கரமனை அக்ரகாரத்துச் சேஷன், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. கையில் எப்போதும் குடை. "கூட்டம் போட விட்டா கலகம்தான் வரும். தடை போட்டது நூத்துக்கு நூறு நியாயம்" என்று குடையைத் தரையில் குத்துவார். ஆளுக்கு ஒரே ஒரு வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு இருவரும் மத்தியானம் வரைக்கும் மல்லுக்கு நிற்பார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் பெஞ்சை நிறைத்துவிட, வெற்றிலை வாங்க வருகிறவர்களுக்கு உட்கார இடமிருக்காது.

ஒருநாள் 'பிரஜைகளின் உரிமை' என்று சொல்லி ஞானையன் பலகையில் ஓங்கி அடித்தான். சர்பத்துப் புட்டி உருண்டு, அன்று காலையில் வந்த வெற்றிலைக் கட்டு முழுவதும் நன்னாரிப் பாகில் குளித்தது. முத்தாரம்மாள் வெற்றிலையை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்தாள். மறுநாள் கடை நெற்றியில் பலகை தொங்கியது: 'இங்கே அரசியல் பேசக் கூடாது.'

இதைப் படித்ததும் ஜன்மப் பகைவர்கள் இருவரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள்.

"இது அடக்குமுறை, அக்கா!" என்று குதித்தான் ஞானையன்.

சேஷனுக்குத்தான் அவனைவிட ஆத்திரம். "முத்தாரம்மா, நீ பண்றது நன்னாயில்லே. மனுஷனுக்குப் பேச உரிமை இல்லையோ? எந்தச் சட்டத்திலே இருக்கு இது?"

"சாமி, சர்க்கார் வாயப் பொத்துனா நியாயம், நான் பொத்துனா அநியாயமா?"

சேஷன் குடையைக் குத்தப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அது வேறே, இது வேறே" என்றார். எப்படி வேறே என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை.

இருவரும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மௌனப் போராட்டமாம். கடைத்தெருவுக்கு இதைவிட வேடிக்கை வேண்டுமா? கூட்டம் சேர்ந்தது. விஷயம் என்னவென்றே தெரியாத வாழைக்காய்க் குலை தூக்கும் சுமட்டுக்காரன் ஒருவன் தொண்டை கிழிய, "முத்தாரம்மாள் ஆட்சி ஒழிக!" என்றான். இவளிடம் ஒருநாளும் ஒரு பாக்குக்கூட வாங்காதவர்கள் கையை உயர்த்தி "ஒழிக!" என்று கூடவே கத்தினார்கள். முத்தாரம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. திவானுக்குச் சமமாக வைத்துவிட்டார்களே என்று கொஞ்சம் பெருமைகூட. பிறகு நெஞ்சுக்குள் என்னவோ உறுத்தியது. தினமும் பார்த்த முகங்கள்தானே, இவ்வளவு கோபத்தை எங்கே வைத்திருந்தார்கள்?

அந்த நேரம் பார்த்து போலீஸ் ஏட்டு வந்து நின்றார். ஏட்டு பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்து, மலையாளம் கலந்த தமிழில் பாராட்டினார்.

"பேஷ்! இதல்லே புத்தி! சாலையிலே எல்லாக் கடையிலும் இதுபோல ஒரு போர்டு வேணும். நான் இன்ஸ்பெக்டர் எஜமானிடம் பறயாம்."

முத்தாரம்மாளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அந்தக் கூட்டம் மொத்தமும் ஏசியது உறைக்கவில்லை. இந்த ஒரு 'பேஷ்' உறைத்தது.

ஏட்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தடை இருக்கு, அறியில்லே? ஆரு இவிடே லீடர்? ஆரு கோஷம் போட்டது?" லத்தி சேஷனின் குடையைத் தட்டியது. கிழவர் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"கோஷமா? இங்க யாரு போட்டா?" என்று இறங்கி வந்தாள் முத்தாரம்மாள். "எல்லாரும் வெத்தலைக்கு நிக்காங்க. நான் ஒருத்தி எத்தன பேருக்குன்னு மடிப்பேன்? செத்த நேரம் பொறுங்கன்னா கேக்காண்டாமா?"

கை தன் பாட்டுக்கு மடித்தது. கழுவி எடுத்த நன்னாரி வெற்றிலை, கொட்டைப்பாக்கு, தாராளமாகப் புகையிலை. துண்டை அவிழ்த்த ஞானையனுக்கும் சேஷனுக்கும் ஆளுக்கு ஒன்று, சுமட்டுக்காரனுக்கு இரண்டு. வரிசையாக எல்லார் வாயும் நிரம்பியது.

"பறயடா, ஆரு கோஷம் போட்டது?" என்று சுமட்டுக்காரனைப் பிடித்தார் ஏட்டு.

"ம்ம்ம்" என்றான் அவன். சேஷனைக் கேட்டார். அவரும் "ம்ம்". ஞானையன் வானத்தைப் பார்த்தபடி அசைபோட்டான். தெரு முழுக்க மாட்டுத் தொழுவம் மாதிரி ஒரே அரைப்பு. கடைசியில் ஏட்டு கையிலும் ஒரு பீடாவை வைத்தாள். இனிப்பாக இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினாள். சாயங்காலம் தாணுலிங்கம், "ஏன்?" என்றார்.

"எங் கடையில சண்ட போடுவேன், சமாதானம் ஆவேன். அவன் யாரு நடுவுல 'பேஷ்' போட?"

அதன்பிறகு சேஷன் தடையை நியாயம் என்று சொல்லவில்லை. அநியாயம் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே ஞானையன் எங்கோ கோஷம் போட்டு ஜெயிலுக்குப் போனபோது, முத்தாரம்மாள் கட்டிக்கொடுத்த பொட்டலத்தோடு வெயிலில் பூஜப்புரைச் சிறைக்கு நடந்தவர் அவர்தான். உள்ளே விட்டார்களாம். கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று மறுபடி சண்டை போட்டுவிட்டு வந்தார்.

1948இல் வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்தது. முத்தாரம்மாள் புதுச்சேலை உடுத்திப் போய், வரிசையில் முன்னும் பின்னும் நின்ற எல்லாரிடமும் வாதாடி, வெற்றியோடு திரும்பினாள்.

"யாருக்குப் போட்ட?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"அதச் சொல்லாண்டாம்னு சட்டமே இருக்கு, கேட்டேளா?"

வாயைத் திறந்தால் அதுவும் நழுவிவிடும் என்று, அன்று பொழுது சாயும்வரை அவள் வேறெதுவும் பேசவில்லை. தாணுலிங்கந்தான் பொறுக்கமாட்டாமல் பேசிக்கொண்டே இருந்தார்.