மூன்றாவது டிக்கெட்

"எதுக்குடி மூணு தட்டு? இங்க இருக்கிறது நீங்க ரெண்டு பேர்தானே?"

"அப்பா நேத்து ராத்திரி வைக்கச் சொன்னார்ண்ணா."

"நாளைக்கு யானை வந்திருக்குன்னு சொல்வார். கரும்பு வாங்கிட்டு வருவியா?" சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்த அண்ணன் சட்டென்று எழுந்தான். பேன்ட்டின் பின்பக்கம் நனைந்திருந்தது. "இங்க யார் வந்தா? உண்மையைச் சொல்லு."

"யாரும் வரல."

"அவரை ஏமாத்தி எவனோ உள்ள வந்துட்டுப் போறான். இனி சரிப்படாது. முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம்."

அப்பாவை விட்டுவிட்டுத் தங்கையால் இருக்க முடியாது.

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது கட்டிச் சொன்ன கதையல்ல, அவளுக்கு நடந்தது.

அப்பா பேருந்து நடத்துநராக இருந்தவர். நினைவு தப்பியதில் மகளின் பெயர்கூடப் போய்விட்டது; வேலை மட்டும் போகவில்லை. பொழுது சாய்ந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். "வீட்டுக்குப் போகணும்." இதுதான் வீடு என்றால் அடிக்க வருவார். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முன்கதவு வழியாகக் கூட்டிப்போய், தெருவைச் சுற்றி, பின்கதவு வழியாக உள்ளே கொண்டுவருவாள். "வீடு வந்தாச்சுப்பா." அவரும் நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். கிளம்பும்முன் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார். பாதி அவளுக்கு, பாதி தனக்கு. அதுதான் டிக்கெட்.

முந்தின நாள் மாலை, வாய்க்கால் மூலையில் அப்பா பஸ்ஸை நிறுத்துவதுபோல் வாயால் ஒற்றை விசில் அடித்து நின்றார்.

"ஏறுங்க சார். கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

மூலையில் யாரும் இல்லை.

"யாருப்பா?"

"பாவம், அவரும் வீட்டுக்குத்தான் போகணுமாம்."

தேதி இருந்த தன் பாதித் தாளை நீட்டினார். விரல்களை விரித்தார். தாள் கீழே விழுந்ததை அவள் பார்க்கவில்லை...

இரட்டை விசில். "ரைட்."

பின்கதவை அப்பா உடனே சாத்தவிடவில்லை. ஓர் ஆள் நுழையும் நேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு மூன்றாவது தட்டைக் கேட்டார். மறதி படுத்தும் பாடு என்று அவளும் வைத்தாள்.

காலையில் அந்தத் தட்டுக்கு எதிரே இருந்த நாற்காலி ஈரமாக இருந்தது. அப்பாதான் நனைத்துவிட்டாரோ? அவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. நாற்காலியை முகர்ந்தாள். வாய்க்கால் சேற்று வாடை.

துடைத்தாள். அண்ணன் வருவதற்குள் மறுபடியும் ஈரம்.

மதியம் வாய்க்கால் மூலையில் கூட்டம். மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்.

"மஞ்சள் கேட் வீட்டுப் பெரியவர்ம்மா. உங்கப்பா மாதிரியே மறதி. வீட்டுக்குப் போகணும்னு சொல்லிக் கிளம்பியிருக்கார். தண்ணிக்குள்ள கிடந்து மூணு நாள் ஆச்சாம்."

"மூணு நாளா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுதான் புரியல. கைக்குள்ள ஒரு பாதிக் காகிதம். காலண்டர் தாள். அதுல நேத்துத் தேதி."

மாலை. அண்ணன் ஹோமுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். அப்பா செருப்போடு வாசலில் நின்றார்.

ஒற்றை விசில்.

அப்பாவின் உதடுகள் அசையவில்லை.

சத்தம் நாற்காலிப் பக்கமிருந்து வந்தது...

அண்ணன் பேச்சை நிறுத்தினான். அவனுக்கும் கேட்டிருந்தது.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார்.

"அவர் இறங்கணுங்கிறார்ம்மா. மஞ்சள் கேட் வீடாம், உனக்குத் தெரியுமாமே... கூட்டிட்டுப் போறியா?"