தந்திக் கம்பியில் அவுஸ்திரேலியக் குருவி

கீழ்வீட்டுக்காரர் மெல்பேணுக்குப் புறப்பட்ட காலையில், பின் வராந்தாவில் இருந்த லவ்பேர்ட்ஸ் கூட்டைத் திறந்து விட்டார்கள். யாரிடமாவது கொடுக்க ஆள் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. யார் குருவி வாங்கி வளர்ப்பார்கள்? பச்சையும் மஞ்சளுமாக நாலைந்து, மதிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கடற்பக்கம் பறந்தன. அவற்றின் பூர்வீகம் அவுஸ்திரேலியா என்று என் மகள்தான் சொன்னாள். அந்த நாட்டுக் குருவிகள் இங்கே நிற்க, இந்த நாட்டுச் சனம் அங்கே போகிறது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை. பின்னேரத்துக்குள் காகம் முடித்துவிடும் என்று நினைத்ததோடு சரி.

மகளுக்கு அப்போது பதினாறு. கீழ்வீட்டுப் பெண்ணும் அவளும் ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளை மெல்பேணிலிருந்து தொலைபேசியில் அழுதிருக்கிறாள். குருவிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மகளின் கண் ஆகாயத்தில்தான். ரயில் பாதை ஓரத்துத் தந்திக் கம்பியில் பச்சைக் குருவிகளைக் கண்டதாக ஒருநாள் வந்து சொன்னாள்.

“கிளிக்குஞ்சா இருக்கும், பிள்ளை.”

“கிளிக்கு முதுகில வரி வரியா இருக்குமோ அம்மா?”

“என்னவும் இருக்கட்டும். கமராவோட அந்தப் பக்கம் போகாதை.”

“ஓம்” என்றாள். அவள் ஓம் என்றால் சொல் கேட்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ரயில் பாதைக்கு அப்பால் கடல், இப்பால் மணல் மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண், நாங்கள் சென்றி என்போம். அங்கே நின்று கமராவை உயர்த்தக் கூடாது என்பதைக் கொழும்பில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஒரு சனிக்கிழமை காலை மூலைக்கடைக்காரர் மூச்சு வாங்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

“அக்கா, மகளைப் பொலிஸுக்குக் கொண்டு போறாங்கள். கையில கமரா இருந்தது.”

என் கணவர் உடனே சேர்ட்டைப் போட்டார். பிறகு கழற்றினார். ஆம்பிளை போனால் மீட்டெடுக்க வேண்டிய ஆட்கள் இரண்டாகிவிடுவார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைவிட, வீட்டுக்குள் இன்னொரு பிரச்சினை இருந்தது. என் தமையனின் மகன், இருபது வயசு, பாஸ்போட் எடுக்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாதக்கணக்காக எங்களோடு தங்கியிருந்தான். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும்; அவனைப் பதியவில்லை. பதிந்தால் விசாரணை, பதியாவிட்டால் பயம் என்று இரண்டுக்கும் நடுவில் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தோம்.

“நீர் போம். நான் இவனைக் கொட்டாஞ்சேனையில அக்கா வீட்டில விட்டுட்டு வாறன்” என்றார் கணவர்.

“மாமி, நானே போய்ச் சொல்லட்டோ?” என்றான் அவன்.

“என்னத்தைச் சொல்லப்போறாய்? சப்பாத்தைப் போடு.”

பொலிஸில் மகள் ஒரு நீள மர வாங்கில் இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் “அம்மா, இருந்தது. ரெண்டு இருந்தது” என்றாள். அதுதான் அவளுக்கு முக்கியம்போல.

நான் பொறுப்பதிகாரியிடம் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் சிங்களத்தில் பதில் சொன்னார். என்னுடைய சிங்களம் மீனும் மரக்கறியும் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். “குருல்லோ, மாத்தயா, குருல்லோ” என்று பறவைகளையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“என்ன குருவி?”

“அவுஸ்திரேலியாக் குருவி.”

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். “அவுஸ்திரேலியாவிலயிருந்து பறந்து வந்து ஆமி சென்றிக்கு மேல இருந்ததாம், சேர். விசா இருக்குமோ தெரியாது.”

அதிகாரி சிரிக்கவில்லை. “பிலிமைக் கழுவிப் பார்ப்போம். குருவி இருந்தால் குருவி. கப்பல் இருந்தால் கப்பல்” என்றார். கான்ஸ்டபிள் பிலிமை எடுத்துக்கொண்டு காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்.

எனக்கு ஒருவகையில் நிம்மதி வந்தது. மகள் பொய் சொல்கிறவள் இல்லை, குருவி வந்துவிடும். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தேன். அப்போதுதான் அந்தப் பிலிமின் முன்பாதியில் என்ன இருக்கிறது என்ற யோசனை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பிலிம் முடிய அரை வருஷம் ஆகும். வருஷப்பிறப்புக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு இரண்டு என்று சிக்கனமாக எடுத்து, மிச்சத்தைக் கமராவுக்குள்ளேயே வைத்திருப்போம். மகளின் பிறந்தநாள் கேக் அதில் இருந்தது. கேக்குக்குப் பின்னால், வாயெல்லாம் பல்லாக, என் தமையனின் மகன்.

மகளுக்குச் சொல்லலாமென்றால் பக்கத்தில் பெண் பொலிஸ். அவளுக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குருவி தெளிவாக வரவேண்டும் என்று வேண்டினேன். பிறகு, முழுப் பிலிமுமே வெளிச்சம் பட்டுக் கறுத்துப்போக வேண்டும் என்று வேண்டினேன். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

படங்கள் வந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். வெறும் ஆகாயம். கம்பி. கம்பியில் பச்சையாக ஒரு பொட்டு. காகம். தாழம் புதர். பிறகு ஒரு படம், யாருமே மறுக்க முடியாத படம்: கம்பியில் ஒட்டி ஒட்டி இரண்டு குருவிகள், மஞ்சள் தலை, வரி விழுந்த முதுகு. அதை அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்து “ஐயோ, நெசந்தான் சேர்” என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கேக் படம் வந்தது.

“இது ஆர்?”

எனக்கு மூன்று மொழியும் போய்விட்டது. “கீழ்வீட்டு…” என்று தொடங்கினேன். அது எப்படி வாயில் வந்ததென்று இன்றைக்கும் தெரியாது. மீதியை என் மகள் எடுத்துக்கொண்டாள். நல்ல சிங்களத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள்: “இவர்தான் இந்தக் குருவிகளின்ர சொந்தக்காரர், சேர். என்ர சிநேகிதியின்ர அண்ணா. கூட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான். இப்ப மெல்பேணில இருக்கிறார்.”

அந்தச் சிநேகிதிக்கு அண்ணனே இல்லை. என்னுடைய பிள்ளையை நான் பக்கவாட்டில் பார்த்தேன். அவளுடைய முகத்தில் எதுவும் இல்லை. பொய் சொல்கிறவள் இல்லை என்று சற்று முன்னர்தான் நினைத்திருந்தேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படங்களைச் சேர்த்து, ஒன்றை மட்டும் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தையும் கமராவையும் என் பக்கம் தள்ளினார். நாங்கள் எழும்பும்போது சொன்னார்: “அந்த மல்லியை அங்கேயே இருக்கச் சொல்லுங்க, நோனா.” மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

எந்தப் படத்தை எடுத்துக்கொண்டார் என்று பார்க்கிற துணிவு எனக்கு வரவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் மேசையில் பரப்பினோம். கேக் படம் இருந்தது. குருவிப் படத்தைத்தான் காணவில்லை, அந்த ஒரேயொரு நல்ல படத்தை. நெகட்டிவும் அங்கேயே தங்கிவிட்டது.

“அவருக்கும் பிடிச்சிருக்கும்” என்றாள் மகள்.

“சாட்சிக்கு வைச்சிருப்பினம்” என்றார் கணவர்.

அங்கேயே என்றால் எங்கே? மெல்பேணா, கொட்டாஞ்சேனையா? கொட்டாஞ்சேனையைப் பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அப்படித் தெரிய வழியில்லாத எத்தனையோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆள் விளங்கிக்கொண்டும் எங்களை விட்டாரா, விளங்காமல் விட்டாரா? மருமகனை நான் திரும்ப வீட்டுக்கு எடுக்கவில்லை. பாஸ்போட் வந்து விமானம் ஏறும்வரை அவன் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தான். கதவு தட்டப்படும்போதெல்லாம் நான் எழும்பி நின்றேன்.

மகளை நான் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. எதற்கென்று ஏசுவது? படம் எடுத்ததற்கா, பொய் சொன்னதற்கா? அந்தப் பொய்யை நான்தானே தொடங்கினேன்.

மெல்பேண் பிள்ளைக்கு மங்கல் படங்களைத்தான் அனுப்பினோம். பதிலுக்கு அவள் தன் வீட்டு வேலியில் வந்து இருக்கும் பறவைகளை எடுத்து அனுப்பினாள். நீலத் தலையும் சிவப்பு நெஞ்சுமாகக் கிளிகள், கூடில்லாமல், எங்களுக்குக் காகம் மாதிரி.

“அம்மா, என்ன நிறம் பாருங்கோ” என்று மகள் நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். வேலிக்குப் பின்னால் ஒரு வீடு, யன்னல், யன்னலில் யாரோ ஒருவரின் தோள். தோளைக் காட்டி “இது ஆர்?” என்று கேட்டேன்.