எல்லாரும் 'இல்லை' என்று எழுதிய பள்ளி

ஹப்சிகுடாவில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது: கோமதி காலமானார், தூக்கத்திலேயே, அமைதியாக. "அமைதியான்னு யார் பார்த்தா?" என்று கேட்டிருப்பார் அவர். நம் ஆய்வுக் குழுவில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தக் குரல் இப்போது கேட்கும்.

பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவது பற்றிய ஆய்வுக்காக நானும் அவரும் சேர்ந்தே அலைந்தோம். லோத்குண்டா பக்கம் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் கேள்வித்தாளில் 'எங்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை' என்று எழுதியிருந்தார்கள். எனக்கும் உறுத்தியது, கேட்க ஆதாரமில்லை. "யாரோ சொல்லிக் குடுத்திருக்கா" என்றார் கோமதி. தலைமையாசிரியை காபி வரவழைத்துக் கொடுத்ததைக்கூட அவர் சந்தேகித்தார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் மைதானத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தார். ஒரு சிறுமி பாட்டில் தண்ணீரை முழுக்கச் செடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. இந்தியும் தெலுங்கும் பேசும் அந்த ஊரில், அவள் தமிழ்ப் பெண் என்று பெயரிலிருந்து தெரிந்ததால், ஏன் என்று தமிழிலேயே கேட்டார்.

"குச் நை ஆன்ட்டி" என்று, ஒன்றுமில்லை என அவள் இந்தியில் மழுப்பினாள்.

கோமதி எழுந்து போகவில்லை. நெடுநேரம் கழித்து அவளே தமிழில் சொன்னாள்: "குடிச்சா பாத்ரூம் போகணும். போனா கிளாஸ்ல சில பேர் வெளிய தாழ்ப்பாள் போட்டுடுவாங்க."

தண்ணீர் மிச்சமிருந்தால் அம்மா கேட்பாளாம். அதற்காகத்தான் கொட்டினாளாம்.

விளையாட்டாகச் செய்திருப்பார்கள் என்றார் தலைமையாசிரியை. வெளித்தாழ்ப்பாளை நாளைக்கே கழற்றிவிடுவதாகவும் சொன்னார். அந்த 'நாளை'யைக் கோமதி நம்பவில்லை. பியூன் ஸ்க்ரூ டிரைவரோடு வரும்வரை கழிப்பறை வாசலிலேயே நின்றார். அதன்பின் அந்தப் பள்ளி எங்களை உள்ளே விடவில்லை. ஆய்வு தள்ளிப்போனது, மேலிடத்தில் திட்டு வாங்கினோம். "பசங்க பொய் சொல்லலை, பயந்து சொல்லியிருக்கா. அது வேற" என்றார், அதிகாரியின் முகத்துக்கு நேராகவே.

சாவுச் செய்தி கேட்டுத் தார்நாகாவில் கோமதியின் வீட்டுக்குப் போனபோது, தண்ணீரைக் கொட்டிய அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"பூட்டறது நின்னுச்சு. என்கூட யாராவது பேசறதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு" என்றாள்.

கோமதியின் சந்தேகம்தான் எனக்கு மிச்சம். நேற்று என் மகள் பள்ளியிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், எல்லாம் நன்றாக இருந்தது என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.