கடலை நடந்து கடந்த தெய்வம்

ஓவியக்கூடம் எதற்குள் நுழைந்தாலும் பெரியம்மா பக்கத்தில் இல்லையே என்று இன்றும் ஏங்கிப்போகிறேன். அவர் டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு எங்களோடு இருக்க வந்தபோது எனக்கு எட்டு வயது. அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா, இலங்கைப் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அவனுக்கும் ஒரு கோப்பை சோறு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடலாம் என்று அம்மா அய்யரிடம் நாளும் குறித்து வாங்கிவிட்டார். பெரியம்மா ஓம் என்று சொல்வதுதான் பாக்கி. சொன்னால் பிள்ளை இல்லையென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இழுத்தடித்தார்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்களை ஓவியக்கூடத்தில் மாட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு வேலை. டேனிஷ் தெரியாத பெரியம்மாவை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். நான் வரைந்த குதிரையை அவர் ஒழுங்காகப் பார்க்கவேயில்லை. அடுத்த அறையில் சுவரை அடைத்து நின்ற ஓவியத்தின் முன் போய் நின்றுவிட்டார். பனையுயரக் கால்களோடு, முகம் மூடிய உருவமொன்று கடலுக்குள் நடந்து வந்தது. காலடியில் சீனி மூட்டைகளோடு ஒரு கப்பல், அதில் டென்மார்க் கொடி.

பெரியம்மா சப்பாத்தைக் கழற்றினார். பிறகு காலுறையையும். எனக்கு மானம் போனது.

எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். வரைந்தவர் கரீபியத் தீவொன்றைச் சேர்ந்த பெண். ஆபிரிக்க மக்களை அடிமைகளாக்கி, கரும்பு வெட்ட அந்தத் தீவுகளுக்கு டேனிஷ் கப்பல்கள் ஏற்றிப்போயினவாம். பறிபோன பிள்ளைகளைத் தேடி அவர்களின் காவல்தெய்வம் கடலை நடந்தே கடந்ததாம். இப்போதும் திருவிழாவில் பொய்க்கால் கட்டி அதைப்போல ஆடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை.

"பிள்ளையளைக் கண்டுபிடிச்சுதோ?"

அது எழுதியிருக்கவில்லை. அறைக்குக் காவல் நின்ற பெண் எங்களை நோக்கி வந்தாள். வெறுங்காலுக்கு ஏசப்போகிறாள் என்று பயந்து, முந்திக்கொண்டு அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டேன். தெரியாது என்றாள். படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, இன்னும் நடந்துகொண்டுதானே இருக்கிறது என்றாள்.

"இன்னும் நடக்குதாம், பெரியம்மா."

கைகூப்பியபடி அவர் சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். அவ்வளவு தூரம் நடந்த தெய்வத்தை எண்ணி இரங்குகிறார் என்று நினைத்தேன்.

"அதுக்குக் கால் நோகாது, பெரியம்மா. பொய்க்கால்தானே."

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அழுதார். வீட்டுக்கு வந்ததும் அந்தியேட்டி வேண்டாம் என்று அம்மாவிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அண்ணாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக அவர் நடந்த நடையை எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.