தலையிலிருந்து பூட்ஸ் வரை

இடது காலுக்கு பூட்ஸ் மாட்ட மட்டும் முசேவுக்குக் கால் மணி நேரம் ஆனது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, நாடாவை முழுக்க உருவிவிட்டு, பூட்ஸின் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, துணிக்கட்டுப் போட்ட பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினார். நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. நான் உதவக் குனிந்தபோது கையைக் காட்டித் தடுத்தார். “விடும்மா. இத்தினி வருஷமா நானே கட்டுறது.” செருப்பே போதுமே என்றேன். தலையை ஆட்டினார். அவருடைய நாய் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்து, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ அடிபட்ட புண் என்று நினைத்தேனே தவிர, நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்தத் தெருவில் அவர் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர் அவர். எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பாரீஸுக்குப் பக்கத்தில் கணவர், பிள்ளைகளோடு இருந்தாள். வீட்டில் இவரும் செவலை நிறத்து நாட்டு நாய் ஒன்றும்தான். நாயின் பெயர் கப்ரால். பட்டாளத்தில் கீழ்மட்டப் பதவி அது. “நானே கப்ராலாத்தான் வெளிய வந்தேன். இதுக்கு அதுக்கு மேல எதுக்கு?” என்று சிரித்தார். ‘அசீ’ என்றால் அது உட்காரும். ‘அலே’ என்றால் கிளம்பும். தமிழில் அதட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அதற்கு முந்தைய பத்து வருடங்கள் நான் கல்யாண ஆல்பங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் நாய் வளர்ப்பவர்கள் நாயோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள என்னைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள். முசேவும் அப்படி அழைத்தவர்தான். அதற்கென்றே எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். முகத்துக்கு அதைப்போல ஒரு லென்ஸ் கிடையாது. மூக்கு மூக்காக இருக்கும், கண் ஈரத்தோடு தெரியும், பின்னாலிருக்கும் சுவரும் கரண்ட் கம்பியும் கரைந்து போகும். ஒரே ஒரு சங்கடம், ஒரு ஆளைத் தலையிலிருந்து கால்வரை அதற்குள் கொண்டுவர வேண்டுமென்றால் நாம் ஆறேழு தப்படி பின்னால் போகவேண்டும். முசேவின் கூடம் பத்தடி. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் இடுப்புவரைதான் வந்தது.

பையில் முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸும் இருந்தது. அதை மாட்டியிருந்தால் அந்தப் பத்தடிக்குள்ளேயே அவரும் நாயும் முழுதாக வந்திருப்பார்கள். நான் மாட்டவில்லை. கிட்டத்தில் நின்று அதில் எடுத்தால் தலை பெருத்துக் கால் சிறுத்துப் போகும், நாயின் மூஞ்சி சுரைக்காய் மாதிரி நீளும் என்பது என் கணக்கு. காமிராவைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் அந்தக் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். அது எனக்குத் தெரியாததில்லை. புது லென்ஸின் மேல் இருந்த ஆசை என்னை யோசிக்க விடவில்லை.

“முசே, வெளிய தெருவுல நிக்கலாமா? வெளிச்சமும் நல்லாருக்கும்.”

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ரொம்ப நேரம் நிக்க முடியாதும்மா. ஆனா தலைலேர்ந்து பூட்ஸ் வரைக்கும் வரணும். இதுக்கும் நாலு காலும் வரணும். மூஞ்சி எப்பிடி இருந்தாலும் பரவால்ல.”

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், படம் கைக்கு வந்ததும் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அதை விட்டுவிட்டு, விறைப்பாக நின்றார். நாய் அவருடைய இடது காலை ஒட்டி உட்கார்ந்தது. நான் தெருவோடு பின்னுக்குப் போய் மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் பைக் குறுக்கே வந்தது. இன்னொன்றில் ஹாரன் சத்தத்துக்கு நாய் எழுந்துவிட்டது. மூன்றாவதில் நாயை அடக்க அவர் சட்டென்று குனிந்ததில் முகம் அசைந்து மங்கலாகிப்போனது. அதற்குள் அவருடைய கால் நடுங்க ஆரம்பித்திருந்தது. கிட்டே போனேன். மேகம் மூடி, வெளிச்சம் அவர் முகத்தில் அவ்வளவு பதமாக விழுந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

“பூட்ஸ் வருதா?” என்று நேராகப் பார்த்தபடியே கேட்டார்.

“வருது முசே,” என்றேன்.

வரவில்லை. முழங்காலோடு வெட்டுப்பட்டிருந்தது. முதலில் எடுத்த மூன்றில் ஏதாவது ஒன்று தேறும் என்ற தைரியத்தில் சொன்ன பொய். அடுத்த நிமிடம் அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் எழவில்லை. “நல்லபடியா நின்னேனா?” என்று கேட்டார். நன்றாக நின்றீர்கள் என்றேன். அது மட்டும் உண்மை.

வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்த்தபோது முதல் மூன்றும் எதற்கும் உதவாது என்று பட்டது. உதவாததை அன்றன்றே அழித்துவிடுவது என் வழக்கம். அழித்தேன். முழங்காலுக்கு மேல் எடுத்ததில் நல்லதாக ஒன்றைப் பெரிய அளவில் அச்சிட்டு, மறு வாரம் வியாழக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டியிருந்தது. வாசலில் நாய் படுத்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தார். “முசேவ கோரிமேட்டு ஆஸ்பத்திரில சேத்திருக்காங்கம்மா. சக்கரை. நேத்து கால எடுத்துட்டாங்க. தொடையோட. உனக்குத் தெரியாதா? தேதி குறிச்சுக் குடுத்து ஒரு மாசம் ஆவுதே.”

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தவளக்குப்பத்திலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் கிடந்தது. முசே படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கண் நேரே கீழ் ஓரத்துக்குப் போனது. விரலால் அந்த ஓரத்தைத் தடவினார். பின்புறம் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்புறம் திருப்பினார்.

“கால் எங்கம்மா?”

அண்ணன் மகன் பதறிப்போய் எழுந்தார். மயக்க மருந்தின் வேகம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துவிட்டார். “சித்தப்பா, டாக்டர் சொன்னாருல்ல, எடுக்கலன்னா உசுருக்கே ஆபத்துன்னு. நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?” என்று தோளைத் தடவிக்கொடுத்தார். முசே அந்தக் கையை விலக்கினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். “மன்னிச்சிடுங்க முசே,” என்றேன். படத்தைக் கவிழ்த்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய பிறகு ஒருமுறை போனேன். சக்கர நாற்காலியில் இருந்தார். நாய் எங்கே உட்காருவதென்று தெரியாமல் நாற்காலியின் இடது பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. திரும்பவும் ஒரு படம் எடுக்கிறேன், இந்தக் கூடத்திலேயே எடுக்கிறேன் என்றேன். “எத எடுப்ப?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். புண் ஆறவே இல்லை. இரண்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

மகள் வந்திருந்தாள். நான் எடுத்த படத்துக்குத்தான் மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் குறைந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

“அக்கா, ஆபரேஷன் முடியிற வரைக்கும் அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நின்னுகினு இருக்கற போட்டோ ஒண்ணு அனுப்பறேன், பேரப்பசங்களுக்கு அதக் காட்டுன்னு மட்டும் சொன்னாரு. முழுசா நிக்கறது ஒண்ணாவது இருக்குமா? ஆடிப்போயிருந்தாக்கூட பரவால்ல.”

இல்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து முசே என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. “மூணு இருந்துச்சு. நல்லா வரலன்னு நான் அழிச்சிட்டேன்,” என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு, “காலையிலேர்ந்து நிக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டு உள்ளே போனாள். தண்ணீரை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினாள்.

இப்போது முழு உருவம் வேண்டும் என்று யாராவது கேட்டால், எதற்காக என்று முதலில் கேட்டுவிடுகிறேன். முதல்நாளே போய் இடத்தை அளந்து பார்த்து, பெரும்பாலும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைத்தான் எடுத்துப்போகிறேன். வெளிச்சம் நுழையும் அதன் துவாரத்தையும் அகலத் திறப்பதில்லை. ஆளின் கண்ணும் நாயின் கண்ணும் இருவர் பாதமும் ஒன்றுபோலத் தெளிவாக விழவேண்டும். எதையும் அழிப்பதில்லை. இதையெல்லாம் முசேவுக்குச் செய்திருக்க முடியும் என்பதும் ஒவ்வொரு முறையும் கூடவே வருகிறது.

கப்ராலை அண்ணன் மகன் தவளக்குப்பத்துக்குக் கொண்டுபோய்விட்டார். போன மாதம் மகள் பிரான்சிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். நாயை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, முழுசாக. அன்று மதியமே போனேன். மெலிந்திருந்தது. கொல்லையில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ‘அசீ’ என்றேன். உடனே எழுந்து எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தது. வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தது. ஐம்பதில் எடுத்தேன். நாலு காலும், வால் நுனியும், காதில் இருந்த பழைய தழும்பும் துல்லியமாக விழுந்திருந்தன. என் தொழிலில் இதைவிடச் சரியாக நான் ஒன்றும் எடுத்ததில்லை.

மகளிடமிருந்து இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது. “ரொம்ப நல்லாருக்கு அக்கா. ஆனா இது தனியா உக்காந்திருக்கறதப் பாக்க முடியல. இனிமே அனுப்பாதீங்க.”

நான் அனுப்பவில்லை.