கன்னியப்பன் கையில் கட்டிய கயிறு

ஆம்பூரில் இப்போது யாரைக் கேட்டாலும் கன்னியப்பனைக் குடிகாரன் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் அவன். அவனோடு ஒரே கோஷ்டியில் கால்பந்து விளையாடியவன், கோல் காத்து நின்றவன் இந்த வேலாயுதம். எனக்குத் தெரியாதா?

நாங்கள் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி சாயபுவுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். அணைக்கட்டுப் பக்கம் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த கன்னியப்பனைக் கூட்டிவந்து, விளையாடுவதற்கென்றே சம்பளம் போட்டார். நாங்கள் பகலெல்லாம் சுண்ணாம்புத் தொட்டியில் வெந்துவிட்டு சாயங்காலம் மைதானத்துக்குப் போவோம். அவனுக்கு மைதானம்தான் வேலை. காலால் அடிப்பது கம்மி. கார்னரிலிருந்து பந்து வந்தால் எகிறி நெற்றியால் ஒரே முட்டு! ஊரே ‘முட்டு கன்னியப்பன்’ என்று கூப்பிட்டது.

பந்தின் வாயைக் கட்டியிருக்கும் தோல்வார் பட்டுப் பட்டு அவன் நெற்றியில் தழும்பு விழுந்திருந்தது. மழையில் ஊறிய பந்து பச்சைத்தோல் மாதிரி கனக்கும். அதையும் முட்டுவான். பெங்களூர்ப் பட்டாளத்துக்காரர்களை ஜெயித்த அன்று, ஆட்டம் முடிந்ததும் வாந்தி எடுத்துவிட்டு, “யாருடா ஜெயிச்சாங்க?” என்று என்னைக் கேட்டான். அவன் போட்ட கோலை அவனுக்கே நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தலைக்கு என்ன ஆயிற்றென்று ஒரு பயல் கேட்கவில்லை.

விளையாடுகிற காலம் முடிந்ததும் அவனுக்கு ஷாப்பு கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை, நடை தள்ளாட ஆரம்பித்தது. நாக்குக் குழறியது. வெயில் பட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுவான். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? குடி என்றார்கள்.

அவன் பெண்டாட்டி செண்பகத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினம் அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மோந்து பார்ப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து, “அண்ணே, வாசனையே வராத சரக்கு ஏதாவது இருக்குதா?” என்று கேட்டாள்.

“போம்மா பைத்தியம்! அவனாவது குடிக்கிறதாவது!” என்று அதட்டி அனுப்பினேன்.

மேஸ்திரி சீனிவாசன் விடுவதாக இல்லை. “முதலாளிக்குக் குடின்னாலே ஆகாது. கெங்கையம்மன் கோயில்ல குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணி, கயிறு கட்டினு வரச் சொல்லு. இல்லன்னா வேலை கெடையாது” என்று செண்பகத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

கன்னியப்பன் குதித்தான். “குடிக்காதவனுக்கு எவனாவது கயிறு கட்டுவானா? சாமி முன்னாடி இன்னான்னு சொல்றது?”

“எனக்கோசரம் கட்டிக்க மாமா. இந்த வேலையும் போய்ட்டா எங்க போவோம்?” என்று செண்பகம் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வயிறு இருக்கிறதே. கோயிலுக்கு நானும் போனேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கட்டும்போது கன்னியப்பன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

வேலை தங்கியது. கயிற்றைப் பார்த்துக் கொஞ்சநாள் எல்லாரும் சும்மா இருந்தார்கள். பிறகு ஒரு மத்தியானம், தோல் ஏற்றிய மாட்டுவண்டி உள்ளே வரும்போது, கேட்டைப் பிடித்தபடியே சாய்ந்து விழுந்தான். மாடு மிரண்டு வண்டி குடைசாய்ந்தது. கூட்டம் கூடிவிட்டது. “கயிறு கட்டியும் குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு!” என்று மேஸ்திரி கத்தினார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுத் தூக்கோடு செண்பகம் வந்து நின்றாள்.

சாயபுவே இறங்கி வந்தார். நான் ஓடிப்போய் கன்னியப்பனைத் தூக்கி நிறுத்திவிட்டு, “இவன் குடிக்கிறவன் இல்லீங்க முதலாளி, என் புள்ளைங்க மேல சத்தியம்” என்றேன்.

அவர் கையமர்த்தினார். நல்ல மனுஷன், பொய் சொல்லக்கூடாது. “கன்னியப்பா, எனக்கு யார் சாட்சியும் வேணாம். குடிக்கலன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பறேன். வேலையும் உனக்குத்தான்.”

சொல்லித் தொலையேண்டா என்று அவன் முகத்தையே பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை! அவன் வாயைத் திறந்தான். அப்போது கையிலிருந்த கயிறு அவன் கண்ணில் பட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“செண்பகம், இது இன்னா கயிறு?”

மேஸ்திரிதான் சொன்னார்: “குடிக்கமாட்டேன்னு கெங்கையம்மன் கோயில்ல கட்டினியே, மறந்துட்டியா?”

கன்னியப்பன் யோசித்தான். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே யோசித்தான். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

“குடிக்காதவனுக்கு எவனாவது கயிறு கட்டுவானா?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டான். பிறகு சாயபுவைப் பார்த்துக் கும்பிட்டான். “குடிச்சிருக்கேன் முதலாளி. எனக்குத்தான் ஞாபகம் இல்ல.”

செண்பகம் தூக்கைக் கீழே போட்டாள். அத்தனை பேர் முன்னாலும் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். “வாசனை வரலியே! ஐயா, நீங்களே வந்து பாருங்க, வாசனையே வரலியே!” என்று கதறினாள். யாரும் கிட்டே வரவில்லை. மேஸ்திரி குனிந்து, அவன் காலடியில் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார்.