மூன்று வோல்ட்டில் ஓர் அலாரம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி செய்வது, சட்டைப் பையில் மாட்டிக்கொள்கிற ஒரு சின்னக் கருவி. விஷவாயு கசிந்தால் அது கத்தும், அதிரும், சிவப்பு விளக்கை மின்னவிடும். செய்து முடித்த கருவிகளைச் சோதித்து அனுப்பும் மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பழுது என்று திரும்பி வருகிறவையும் என்னிடம்தான் வரும்.

அன்று வந்த கருவி கூரியரில் வரவில்லை, ஆளோடு வந்தது. புதுவாயல் பக்கம் ஓர் ஆலையில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய ஆலையிலிருந்து அதே கருவியை ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருந்தார்கள். இரண்டு முறையும் நான் சோதித்து, ‘குறை எதுவும் இல்லை’ என்று எழுதித் திருப்பியிருந்தேன். அதனால் லீவு போட்டுவிட்டு, கேட்டில் காவலரிடம் வாதாடி, நேராக என் மேசைக்கே வந்துவிட்டார்.

“கொற இல்லன்னு எய்தினது யாரு மேடம்?”

“நான்தாண்ணா.”

நான் மழுப்புவேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் கொஞ்சம் இறங்கியது. “அலாரம் அடிக்க ஆரம்பிக்குது. ஒரே ஒரு சவுண்டு, அதோட செத்துப் போவுது. அப்பால தானா ஆன் ஆவுது. ரெடியாவறதுக்குள்ள ஒரு நிமிசம் பூடுது. அன்னிக்கி அழுகின முட்ட நாத்தம் மூக்குல ஏறிச்சி, நான் ஏணியப் புடிச்சிக்கினு மேல வந்துட்டேன். நாத்தம் தெரியலன்னா என் கதி இன்னா?”

உட்காரச் சொன்னேன்.

“எந்த நேரத்துலண்ணா இப்படி ஆவுது?”

“மத்தியானம் சாப்டுட்டு வந்தப்பறம், பொய்து சாயறப்போதான். காலைல நல்லாதான் கீது.”

அந்த ஒரு பதிலில் எனக்கு என் தவறு புரிந்துவிட்டது. சோதிப்பதற்கு முன் கருவியை முழுக்க சார்ஜ் செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. இரண்டு முறையும் நான் பார்த்தது காலை நேரத்துக் கருவியை. அவர் தொட்டிக்குள் கொண்டுபோனது சாயங்காலக் கருவியை.

விஷயம் இதுதான். லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட் தரும். உழைக்க உழைக்க இறங்கி, கடைசியில் மூன்றுக்கு வந்து நிற்கும். உள்ளே இருக்கும் போர்டுக்கோ எப்போதும் 3.3 வேண்டும். ஆகவே காலையில் பேட்டரி கொடுப்பதைக் குறைத்துத் தர வேண்டும், சாயங்காலம் கூட்டித் தர வேண்டும். இரண்டு வேலையையும் பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் என்ற ஒன்றே செய்கிறது. ஒரு சிப்பும், அதை ஒட்டி காயில் என்கிற ஒரு கம்பிச்சுருளும்தான் அது. சிப்பில் இருக்கும் சுவிட்சுகள் நொடிக்குப் பல லட்சம் தடவை மாறி மாறித் திறந்து மூடும். ஒரு கணம் பேட்டரியின் கரண்ட் காயிலில் பாய்ந்து காந்தசக்தியாகச் சேரும். அடுத்த கணம் காயில் அதைப் போர்டின் பக்கம் தள்ளிவிடும். சேர்க்கும் நேரத்தையும் தள்ளும் நேரத்தையும் சிப் கூட்டிக் குறைப்பதால், உள்ளே வருவது எவ்வளவாக இருந்தாலும் வெளியே போவது 3.3 ஆகவே நிற்கும்.

நிற்க வேண்டும்.

கருவியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினேன். மேசையில் இருக்கும், வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற பவர் சப்ளைப் பெட்டியை அந்த இடத்தில் இணைத்தேன். 4.2 வைத்துச் சோதனை வாயுவைக் காட்டியதும் அலாரம் முழுசாக அடித்தது. ஒவ்வொரு புள்ளியாக இறக்கினேன். 3.6இல் அடித்தது. 3.3இல் அடித்தது. மூன்றில், ஒரு சத்தம் எழும்பி, திரை கறுத்து, கருவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

“அதான்! அதே சவுண்டுதான்!” என்று அவர் எழுந்தேவிட்டார்.

வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது, அலாரம் கிளம்பிய நொடியில் 3.3 என்ற கோடு பள்ளத்தில் விழுவது தெரிந்தது. மணி, அதிர்வு மோட்டார், விளக்கு மூன்றும் சேர்ந்து இழுக்கும் நேரம் அது. பேட்டரி தாழ்ந்திருக்கும்போது அதே வேலைக்குக் காயில் வழியாக இன்னும் அதிகக் கரண்ட் ஓட வேண்டும். பழைய கருவி ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் காயில் மேல் அதே எண் அச்சாகியிருந்தது. ஆனால் இவருடையதில் இருந்தது உயரத்தில் பாதிதான். அதன் இரும்புக்கரு ஓர் அளவுக்கு மேல் காந்தத்தைத் தாங்காது. அந்த அளவைத் தாண்டியதும் காயில் வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும். கரண்ட் எகிறும், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கையை விட்டுவிடும். பழைய காயிலை மாற்றிப் பற்றவைத்தேன். மூன்று வோல்ட்டில் அலாரம் நிற்காமல் அடித்தது.

தர மேலாளர் வந்தார். இரண்டு காயிலையும் காட்டினேன். கெட்டவர் இல்லை. ஆனால் வெளியே வேன் நின்றிருந்தது, அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“வேல்யூ அதேதானேம்மா? பழசு ஸ்டாக் இல்லைன்னுதான பர்ச்சேஸ்ல இத வாங்கினாங்க. ஒரு பீஸ வச்சு முடிவு பண்ணாத. இந்த லாட்லயும் அதான் இருக்கு, போகட்டும், திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

“ஒரு பீஸ் வாணாம் சார். வேன்லேந்து நீங்களே மூணு எடுங்க. மூணு வோல்ட் வச்சு அலாரம் அடிக்கட்டும். ஒண்ணு தாங்கினாலும் கையெழுத்துப் போடறேன்.”

அவ்வளவு நிச்சயமாக அவரிடம் நான் அதற்குமுன் பேசியதில்லை. பேசும்போது பயமும் இல்லை. ஸ்கோப்பில் விழுந்த பள்ளத்தை என் கண்ணால் பார்த்திருந்தேன். அவரே போய் மூன்று கொண்டுவந்தார். மூன்றும் ஒற்றைச் சத்தத்தோடு செத்தன. மேலாளர் மூன்றாவதைக் கையில் வைத்தபடியே வாசலுக்குப் போய், வேனில் ஏற்றியதை இறக்கச் சொன்னார்.

எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தொட்டிக்காரர் விடவில்லை.

“இந்தப் பொட்டில காட்டறதெல்லாம் வாணாம் மேடம். பேட்டரி தானா எறங்கட்டும். அப்பால அடிச்சுக் காட்டு.”

அவர் கேட்டது நியாயம்தான். பேட்டரியைத் திரும்ப மாட்டி, கருவியை ஓடவிட்டோம். அவர் எங்களோடு கேண்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டார். திரும்பி வந்து, “ஆமா, கொறஞ்சுபோன பேட்டரிலேந்து ஜாஸ்தி வோல்ட்டு எப்டி வருது? எங்கேந்து எடுக்குது?” என்று கேட்டார்.

“வேற எங்கேந்தும் எடுக்கலண்ணா. வோல்ட்ட ஏத்தறதுக்கு பேட்டரிலேந்து கரண்ட்ட கூட உறிஞ்சுது. அதான் கடைசில சீக்கிரம் எறங்கிடுது.”

“அப்ப சும்மா வரல.”

“சும்மா வரலண்ணா.”

ஐந்து மணிக்குப் பேட்டரி மூன்றைத் தொட்டது. வாயுவைக் காட்டினேன். அலாரம் கிளம்பி ஹால் முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அணைக்கப்போன என் கையை அவர் தடுத்தார். அது அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று அப்படியே நின்று கேட்டார். பிறகு சட்டையில் மாட்டிக்கொண்டு, “மத்தவங்க கையில இது எத்தினி கீதோ” என்றார்.

அதே காயிலோடு போனவற்றின் பட்டியலை அடுத்த நாள் எடுத்தோம். ஒவ்வோர் ஆலைக்கும் நானே போன் செய்தேன். சில இடங்களில் நம்பினார்கள். சில இடங்களில், நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்கள்; சாயங்காலம் சோதித்துப் பாருங்கள் என்றேன், மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள். ஒன்று விடாமல் திரும்ப வந்து சேர மூன்று வாரம் ஆனது. காயிலை மாற்றியது பெரும்பாலும் நான்தான்.

‘முழு சார்ஜில் சோதிக்கவும்’ என்ற விதிக்குக் கீழே ‘மூன்று வோல்ட்டிலும் சோதிக்கவும்’ என்று இப்போது இன்னொரு வரி இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் நேரம் கூடுகிறது என்று உற்பத்திப் பிரிவில் இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அந்தச் சோதனை முடியாமல் எந்தப் பெட்டியிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.